விம்பிள்டன் வரிசையில் அப்பாவும் நானும்

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு, லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில், விம்பிள்டன் பூங்காவின் ஈரப் புல்லில் அப்பா ஒரு மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா, மேலே என் கணவரின் கனமான ஜாக்கெட், மடியில் டிபன் டப்பா. அன்றைய தேதியும் எங்கள் வரிசை எண்ணும் அச்சிட்ட அட்டையைச் சட்டைப் பைக்குள் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்துப் பார்ப்பார். திரும்ப உள்ளே வைப்பார்.

அப்பாவுக்கு அப்போது 72 வயது. சொந்த ஊர் தென்காசி. டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனின் பிள்ளைப்பிராயத்தோடு சேர்ந்த ஊர் அது. 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வாங்கியது, 1960இலும் 1961இலும் அங்கேயே ஆண்கள் ஒற்றையர் அரையிறுதி வரை போனது, முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றது, எல்லாம் அப்பாவுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை. 1973இல் விஜய் அமிர்தராஜ் காலிறுதியில் யான் கோடஸிடம் ஐந்து செட் ஆடித் தோற்ற செய்தியைக் கல்லூரி விடுதியில் பேப்பரில் படித்ததாகச் சொல்வார். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு, நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் நடந்த காலம் முழுக்க ஒவ்வொரு ஆண்டும் அங்கேதான் இருப்பார். 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் 3 மணி 54 நிமிடம் ஆடிய இரவு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதனால் ஆறு மாத விசாவில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வருகிறார் என்றதும், விம்பிள்டன் கூட்டிப்போவதுதான் முதல் திட்டம். எப்படிப் போகக் கூடாது என்பதை 2019இல் நான் ஏற்கெனவே கற்றிருந்தேன்.

அந்த வருடம் தோழி ஒருத்தியோடு போனேன். காலை ஒன்பது மணிக்குப் போய் வரிசையில் நின்று, உள்ளே நுழையும்போது மணி மூன்று. கையில் அட்டவணை இல்லை. பெரிய பெயர் எங்கே ஆடுகிறது என்று யாரோ சொல்ல அங்கே ஓடினோம். அந்தக் கோர்ட் வாசலில் இன்னொரு வரிசை. அதில் நாற்பது நிமிடம் நின்றோம். முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்த கோர்ட்டுக்கு ஓட்டம். அன்று புதுச் செருப்பு வேறு, குதிகால் இரண்டும் கொப்புளித்துவிட்டன. ஏழு மணிக்கு போன் அணைந்துபோய் இருவரும் ஒருவரை ஒருவர் தேடினோம். முழுதாக ஒரு செட்கூடப் பார்க்காமல் வீடு வந்தேன். வருத்தமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் டென்னிஸ் பார்க்கவில்லையே என்ற வருத்தம்.

எனவே இந்த முறை ஒரே ஒரு முடிவு: அப்பாவின் முழங்கால் என்ன வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில்தான் அந்த நாள் போகும்.

முதலில் டிக்கெட். விம்பிள்டனுக்கு டிக்கெட் வாங்குவது மற்றப் போட்டிகள் போல இல்லை. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில் குலுக்கலுக்குப் பதிவு திறக்கும். கணக்கு தொடங்கிப் பெயரைக் கொடுத்து வைக்கலாம். விழுந்தால் அவர்கள் சொல்லும் நாள், அவர்கள் சொல்லும் கோர்ட். நமக்குத் தேர்வு கிடையாது. எனக்கு இதுவரை விழுந்ததில்லை. இது தவிர, டிபென்ச்சர் (பெரும் பணம் கட்டி இருக்கை உரிமை வாங்கும் பத்திரம்) வைத்திருப்பவர்களின் டிக்கெட்டை மட்டும் சட்டப்படி மறுவிற்பனையில் வாங்கலாம். அதன் விலைக்கு ஒரு குடும்பம் ஊருக்குப் போய் வந்துவிடும். வேறு டிக்கெட் எதையும் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு விற்க முடியாது. என் அலுவலகத்தில் ஒருவர் ஏதோ ஓர் இணையதளத்தில் பெரிய தொகை கொடுத்து வாங்கிய டிக்கெட்டை வாசலில் ஏற்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரோடு அப்படியே திரும்பினார். இதை மட்டும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்: விம்பிள்டனின் சொந்தத் தளத்தையும் செயலியையும் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

மீதி இருப்பது வரிசை. அன்றே வந்து, அன்றே நின்று, அன்றே வாங்கி உள்ளே போவது. இவ்வளவு பெரிய போட்டிக்கு இப்படி ஒரு வழியை இன்னும் திறந்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 ஆகிய மூன்றுக்கும் சுமார் 500 டிக்கெட் வீதம் வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் (கடைசி நான்கு நாட்கள் சென்டர் கோர்ட்டுக்கு இது கிடையாது). அந்த டிக்கெட் வேண்டுமென்றால் முதல் நாளே போய்ப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். இருவர் படுக்கும் அளவுக் கூடாரம்தான் அனுமதி. விடியற்காலையிலேயே எழுப்பிவிடுவார்கள். இளைஞர்களுக்கு அது நல்ல அனுபவம்தான். சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் இருக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்யத் தயாராக இல்லை.

ஆக, எங்கள் இலக்கு கிரவுண்ட் பாஸ். அந்த ஆண்டு 30 பவுண்டு. வளாகத்துக்குள் போகலாம், நம்பர் 3 முதல் 18 வரையான கோர்ட்டுகளில் முன்பதிவில்லாத இருக்கைகளில் இடம் பிடித்து உட்காரலாம், வளாகத்துக்குள் இருக்கும் குன்றில் அமர்ந்து பெரிய திரையில் பார்க்கலாம். முதல் வாரத்தில் இதைவிட நல்ல டிக்கெட் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. சென்டர் கோர்ட்டில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஆட்டம்தான். வெளிக் கோர்ட்டுகளில் அதே நேரத்தில் முப்பது நாற்பது பேர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

நாளையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். முதல் இரண்டு நாள் ஒற்றையர் முதல் சுற்று, கூட்டம் அதிகம். புதன், வியாழன் வாக்கில் இரட்டையர் ஆட்டம் தொடங்கிவிடும். ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வியாழன் நல்ல நாள். நம் ஊர்க்காரர்கள் ஆடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுதான் சமயம். கோவையின் ஸ்ரீராம் பாலாஜி, சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் எல்லாம் இங்கே இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியவர்கள். நெரிசலே வேண்டாம் என்பவர்கள் இரண்டாவது வாரம் போகலாம். அப்போது வெளிக் கோர்ட்டுகளில் சிறுவர் சிறுமியர் ஆட்டம் நடக்கும். கிருஷ்ணன் 1954இலும், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இலும் வென்ற அதே சிறுவர் போட்டி.

ரயில் விஷயத்தில் ஒரு தவறு பலரும் செய்கிறார்கள். பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து நடை நீளம். அதற்கு முன்பே வரும் சவுத்ஃபீல்ட்ஸ்தான் பக்கம். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏர்ல்ஸ் கோர்ட் வந்து, விம்பிள்டன் பக்கம் போகும் வண்டி மாறினால் போதும். இறங்கியதும் வழி கேட்கவே வேண்டாம், கூட்டம் போகும் திசையில் போகலாம். அப்பாவோடு நாங்கள் கால் மணிக்கு மேல் நடந்தோம். வழியில் இரண்டு இடத்தில் நின்றோம்.

பூங்காவில் சேர்ந்ததும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். நீங்கள் நேரில் நின்றால்தான் உங்களுக்கு அட்டை. பின்னால் வரும் தம்பிக்கும் சித்திக்கும் இடம் போட்டு வைக்க முடியாது. துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது. கழிப்பறைக்கோ காபி வாங்கவோ போகலாம், அரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த அட்டைதான் எல்லாம். தொலைத்தால் வரிசையின் கடைசிக்குப் போக நேரும். அப்பா அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் அர்த்தம் இருந்தது.

மடக்கு ஸ்டூல் கொண்டுபோனது அன்று நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது. வரிசையில் நாலைந்து மணி நேரம் நிற்பதும் நகர்வதுமாகத்தான் போகும். புல் ஈரம், கீழே உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு எழுந்திருக்க முடியாது. ஸ்டூலை வளாகத்துக்குள் விடமாட்டார்கள், ஆனால் பூங்காவிலேயே பொருள் வைப்பிடம் இருக்கிறது. அங்கே கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொள்ளலாம். உடம்புக்கு முடியாதவர் யாராவது கூட இருந்தால், வெட்கப்படாமல் அங்கே வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீவர்டுகளிடம் முதலிலேயே சொல்லுங்கள். நான் சொன்னபோது ஒரு பெரியம்மா வந்து அப்பாவிடம் குனிந்து, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு தடவை எங்கள் பக்கம் வரும்போதும் அப்பாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு.

லண்டன் ஜூலை மாதத்தை நம்பக் கூடாது. காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டர் வேண்டும், மதியம் அதே இடத்தில் தொப்பி வேண்டும், நடுவில் மழையும் வரலாம். குடையைவிட மடித்து வைக்கக்கூடிய மழைக்கோட்டு மேல். பைக்கு அளவு உண்டு: 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம், ஆளுக்கு ஒன்று. சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் பொடி இட்லியும் எலுமிச்சை சாதமும் கொண்டுபோனோம். ஃப்ளாஸ்க் என்றால் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை உள்ளேயே நிரப்பிக்கொள்ளலாம். அப்பாவுக்கு வேர்க்கடலை, பேரீச்சம்பழம், மாத்திரை எல்லாம் ஒரு சின்னப் பையில் தனியாக, என் கைக்கு எட்டும்படி. சர்க்கரை இருப்பவர்களுக்கு உள்ளே கடை வரிசையை நம்பிச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. விதிகள் வருடா வருடம் கொஞ்சம் மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் ஒருமுறை அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தார்கள். நாங்கள் உள்ளே போகும்போது பதினொன்று தாண்டிவிட்டது, வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் தொடங்கியிருந்தது. நம்பர் 1இல் ஒரு மணிக்கும் சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்கும்தான் ஆரம்பம். அதுவரை பெரிய கோர்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களும் வெளியேதான் சுற்றுவார்கள். அந்த இரண்டரை மணி நேரம் சின்னக் கோர்ட்டுகளில் நெரிசல். ஒன்றரை ஆனதும் சட்டென்று இடம் காலியாகும். இதை நான் 2019இல் கவனிக்கவில்லை.

வாசலைக் கடந்ததும் அப்பா நின்றுவிட்டார். எதிரே சென்டர் கோர்ட்டின் பச்சைச் சுவர், அதில் படர்ந்த கொடி.

"இதுக்குள்ளதாம்மா கிருஷ்ணன் ஆடினாரு."

"ஆமாப்பா. உள்ள போக முடியுமான்னு சாயங்காலம் பாப்போம்."

முந்தின நாள் இரவே அட்டவணையைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். எந்தக் கோர்ட், எத்தனையாவது ஆட்டம், யார். அதில் பெரிய பெயர்களை எல்லாம் நானே அடித்துவிட்டேன். கோர்ட் 18ஐயும் அடித்தேன். இருக்கை 800க்கும் குறைவு, வாசலில் எப்போதும் வரிசை. 2010இல் இஸ்னரும் மஹுவும் மூன்று நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடிய கோர்ட் அதுதான், கடைசி செட் மட்டும் 70-68. சுவரில் அதற்கொரு பலகை பதித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பலகையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தோம். இப்போது அப்படி ஓர் ஆட்டம் நடக்க வழியில்லை. 2022 முதல் கடைசி செட்டில் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை பிரேக் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் தெற்குப் பக்கம், 4 முதல் 11 வரையான கோர்ட்டுகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்துக்கு வந்தோம். உயரமான மேடைகள் கிடையாது, பக்கவாட்டில் சில வரிசை பெஞ்சுகள்தான். ஓர் இரட்டையர் ஆட்டம். ஆடிய நால்வரின் பெயரையும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. பக்கக் கோட்டிலிருந்து எங்கள் காலுக்கு நாலைந்து அடி.

அங்கேதான் அப்பாவின் முகம் மாறியது. தொலைக்காட்சியில் வேகம் தெரியும், ஆனால் எடை தெரியாது. அருகிலிருந்து பார்க்கும்போது பந்து மட்டையில் படுகிற சத்தம் நெஞ்சில் கேட்கிறது. வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கித் தன் கூட்டாளிக்குச் சைகை காட்டுவது, புள்ளி முடிந்ததும் இருவரும் வாயை மறைத்துக்கொண்டு பேசுவது, மூச்சு வாங்குவது, ஷூ புல்லில் சறுக்கும்போது வரும் கிறீச்சென்ற ஒலி. புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போவதை நுங்கம்பாக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் பார்த்துப் பழகிய அப்பா, "பந்து படுத்துக்கிட்டேல்ல வருது!" என்று என் கையைப் பிடித்தார்.

உட்காரும் இடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேகமும் கால் வேலையும் தெரியும், கழுத்து வலிக்கும். கோர்ட்டின் பின்பக்கம் உட்கார்ந்தால் பந்து வளைவதும், சர்வ் எந்த மூலைக்குப் போகிறது என்பதும், ஆடுபவர் என்ன யோசித்து அடிக்கிறார் என்பதும் புரியும். முதல் செட் ஒரு பக்கம், இரண்டாவது செட் இன்னொரு பக்கம் என்று பார்த்தால் அது இரண்டு ஆட்டம் பார்த்த மாதிரி. ஆனால் நினைத்தபோது எழுந்து நகர முடியாது. வீரர்கள் பக்கம் மாறும்போதுதான் உள்ளே விடுவார்கள், அப்போதுதான் வெளியேயும் வரலாம். ஆட்டம் நடக்கும்போது இடைவழியில் நின்றால் சர்வ் போடப்போகிறவர் நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார். அதனால் தண்ணீர், கழிப்பறை எல்லாம் உட்காருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். போனைச் சத்தமில்லாமல் வையுங்கள்.

ஒரு நல்ல அடிக்கு நுங்கம்பாக்கத்தில் செய்வது போலவே அப்பா உரக்க "ஷாட்!" என்றார். புள்ளி முடிந்த பிறகுதான் சொன்னார், அதனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் சிரித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மெட்ராஸ் என்று அப்பா சொன்னதும் அவர் "கிருஷ்ணன்" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஆட்டம் முடியும்வரை பேசிக்கொண்டே பார்த்தார்கள். நடுவில் நான் கோர்ட்டை விட்டு அப்பாவைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தோம். மூன்று செட். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் பார்ப்பது, பத்து ஆட்டத்தை ஐந்தைந்து நிமிடம் எட்டிப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். சோர்வும் இல்லை. ஒருவர் எங்கே தளர்ந்தார், யார் தட்டிக்கொடுத்தார், எந்தக் கேமில் ஆட்டம் திரும்பியது என்று பின்னால் பேசுவதற்கும் ஏதாவது கிடைக்கிறது. அன்று நாங்கள் முழுதாகப் பார்த்தது மூன்றே ஆட்டம்.

கோட்டருகே குனிந்து, முட்டியில் கைவைத்து நிற்கும் கோட்டு நடுவர்களை அப்பா ரொம்ப ரசித்தார். பந்து வெளியே விழுந்ததும் கையை நீட்டி அவர்கள் குரல் கொடுப்பதற்கு ஒரு தாளம் இருக்கிறது என்றார். அதுதான் அவர்களின் கடைசி ஆண்டு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. 2025 முதல் அந்த வேலையைக் கருவிகள் செய்கின்றன. 1877இல் தொடங்கிய ஒரு போட்டியில் 147 ஆண்டுகள் இருந்த மனிதர்கள். முடிவு துல்லியமாக இருக்கும் என்பது சரிதான். ஆனாலும் அவர்கள் இருந்த விம்பிள்டனை அப்பா பார்த்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ட்ராபெரி. அந்த ஆண்டு வரை 2.50 பவுண்டு, 2010இலிருந்து ஏற்றவே இல்லை (2025இல் 2.70 ஆக்கினார்கள்). அப்பா கிரீம் வேண்டாம் என்று நாலு பழம் மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற உணவெல்லாம் விலை அதிகம், வரிசையும் நீளம், சொல்ல வேறொன்றுமில்லை.

மூன்று மணி சுமாருக்கு ரீசேல் வேலையைத் தொடங்கினேன். பெரிய கோர்ட் டிக்கெட் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் கிளம்பினால் அந்த இருக்கையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். அதை வளாகத்துக்குள் இருப்பவர்களுக்குக் குறைந்த விலைக்குத் தருவார்கள். சென்டர் கோர்ட் 15 பவுண்டு, மற்றவை 10. அந்தப் பணம் அறப்பணிக்குப் போகிறது. 1954இலிருந்து இருக்கும் வழக்கம் என்று தெரிந்தபோது, கிருஷ்ணன் சிறுவர் பட்டம் வென்ற வருடமாயிற்றே என்று அப்பா சொன்னார். இப்போது செயலியில்தான் பெயர் கொடுக்க வேண்டும், முறை வந்தால் போனுக்குச் சேதி வரும். செயலியை வீட்டிலேயே இறக்கி, கணக்கு தொடங்கி, பவர் பேங்கும் கொண்டுபோவது இதற்காகத்தான். வளாகத்தில் நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் தட்டும்போது அங்கே நின்று கணக்கு தொடங்குவது நடக்கிற காரியமில்லை.

எங்களுக்கு முறை வரவில்லை. அன்று வர வாய்ப்பே இல்லை என்பது பிற்பகலிலேயே புரிந்துவிட்டது. பிரிட்டனின் நட்சத்திர வீரர் ஆண்டி மரே அன்று சாயங்காலம் அண்ணன் ஜேமியோடு சென்டர் கோர்ட்டில் இரட்டையர் ஆடுகிறார். முதுகு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலை, ஒற்றையர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார், அதுதான் அவருடைய கடைசி விம்பிள்டன். யார் எழுந்து போவார்கள்?

அப்பாவிடம் சொன்னேன். முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, "சரி, திரையில பாப்போம். எல்லாரோடவும் உக்காந்து பாக்கலாம்ல" என்றார்.

குன்றில் உட்கார நினைப்பவர்கள் சரிவை யோசிக்க வேண்டும். மேலே போகப் போகக் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் பெரியவர்கள் அந்தச் சரிவில் ஏறி, கூட்டத்தைத் தாண்டிக் கழிப்பறைக்கு இறங்கி, திரும்ப ஏறுவது கஷ்டம். நடைபாதையை ஒட்டி ஓரமாக, கீழ்ப்பக்கம் இடம் பிடித்தோம். மழைக்கோட்டை மடித்துக் கீழே போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். பெரிய ஆட்டம் ஏதாவது இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். கடைசி நிமிடத்தில் போனால் நிற்கத்தான் இடம்.

மரே சகோதரர்கள் ஹிஜிகாட்டா, பியர்ஸ் ஜோடியிடம் 7-6, 6-4 என்று தோற்றார்கள். அதன் பிறகு நடந்த பிரியாவிடையைக் குன்று முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. 77 ஆண்டுகளுக்குப் பிறகு 2013இல் ஒரு பிரிட்டன்காரர் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றது அவரால்தான். திரையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எங்கள் பக்கத்திலிருந்த ஒரு குடும்பமே அழுதது. அப்பாவும் என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். கைதட்டிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது ஒரு தந்திரம். எல்லோரும் சேர்ந்து கிளம்பும் நேரத்தில் சவுத்ஃபீல்ட்ஸ் நடைமேடை நிரம்பி வழியும். நாங்கள் இருபது நிமிடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மீதி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஸ்டூலை வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்தோம். ரயிலில் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஏர்ல்ஸ் கோர்ட் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

சென்டர் கோர்ட்டைப் பார்க்காமல் அவரை ஊருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. போட்டி இல்லாத மாதங்களில் வளாகத்தைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு இருக்கிறது, அருங்காட்சியகமும் அதில் சேர்ந்தது. டிக்கெட்டுக்குக் குலுக்கலும் இல்லை, விடியற்கால வரிசையும் இல்லை. தளத்தில் நாள் பார்த்துப் பதிவு செய்தால் போதும். பெரியவர்களை அழைத்து வருபவர்களுக்கு இதை நான் மனதாரச் சொல்வேன். போட்டி நாளில் போக முடியாவிட்டாலும் இதற்காவது கூட்டிப்போங்கள்.

செப்டம்பரில் ஒரு வார நாள் போனோம். பதினைந்து பேர்தான். படியேறி உள்ளே வந்ததும் சட்டென்று அந்தக் கோர்ட் கீழே விரிந்தது. ஏறக்குறைய 15,000 இருக்கைகளும் காலி. போட்டி முடிந்ததும் பழைய புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது விதை தூவுவார்களாம். முளைத்து வந்த இளம்புல் வெளிர்பச்சையாக இருந்தது. வலை இல்லை, கோடுகள் இல்லை. வழிகாட்டி கூரையைப் பற்றி, 2009இல் அது வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கேட்கவில்லை. ஒரு இருக்கையில் உட்கார்ந்து, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட்டின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லேவர் அந்தப் பக்கம் நின்னிருப்பான்," என்றார். பிறகு எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். "நம்மாளு இங்க."